தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது

எங்கள் வீட்டு முன்கடையின் ஷட்டரில் போன வாரம் மறுபடியும் அந்த அட்டை தொங்கியது: "தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது." தெருவில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். கடைக்கு வர வேண்டுமானால் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆடுகிற பலகை மேல் நடக்க வேண்டும். யார் வருவார்கள்? கடை நடத்தும் பெண் இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் அட்டையை மாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

மாலையில் என்னோடு நடக்க வரும் நண்பர் ஒருவர், அவரும் ஓய்வூதியர்தான், அட்டையைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "பியூட்டி பார்லர்தானே சார். பத்து நாள் மூடுனா என்ன குடியா முழுகிப்போயிடும்? மளிகைக் கடையா, மருந்துக் கடையா?"

நான் அங்கே பதில் சொல்லவில்லை. நின்றுகொண்டு சண்டை போட இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் "தற்காலிகம்" என்ற சொல்லைப் பற்றி. நான் காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். பிறகு புதுச்சேரி அரசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 34 வருடம் கோப்பு எழுதிவிட்டு, மனைவியின் ஊரான தஞ்சாவூருக்கு வந்து கரந்தையில் குடியேறியவன். அலுவலகத்தில் "தற்காலிகப் பணியிடம்" என்று ஒன்று உண்டு. வருடா வருடம் அதை நீட்டித்து ஆணை போடுவோம். நான் சேர்ந்தபோது தற்காலிகமாக இருந்த சில பணியிடங்கள், நான் ஓய்வு பெற்றபோதும் தற்காலிகமாகவே இருந்தன. பிரெஞ்சுக்காரர்களிடம் ஒரு பேச்சு உண்டு: தற்காலிகமானதுதான் நீடித்து நிற்கும் என்பார்கள். ஆணை எழுதுகிறவனுக்கு அது வெறும் சொல். கடை நடத்துகிறவளுக்கு அது ஒவ்வொரு நாளும் கையை விட்டுப் போகிற காசு.

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 போட்டார்கள். மறுநாள் நாடு முழுவதும் ஊரடங்கு. எங்கள் முன்கடையும் மூடியது. மே 19 அன்று கிராமப்புறங்களில் முடிதிருத்தும் கடைகளைத் திறக்க விட்டார்கள். நகரங்களுக்கு மே 24 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதுவும் ஏ.சி. போடக் கூடாது என்ற நிபந்தனையோடு. சென்னைக்கு இன்னும் தள்ளிப்போனது. ஆக, தஞ்சாவூரில் சரியாக இரண்டு மாதம்.

நண்பர்கள் நாள்காட்டியை எடுத்துப் பார்க்க வேண்டும். மார்ச் 24 என்பது பங்குனி 11. மே 24 என்பது வைகாசி 11. பங்குனியில் பாதி, சித்திரை முழுக்க, வைகாசியில் முதல் முகூர்த்தங்கள். நம் பக்கத்தில் பார்லர் நடத்துகிறவர்களுக்கு ஐப்ரோவிலும் ஹேர் கட்டிலும் வருவது அன்றாடச் செலவுக்குத்தான் சரியாக இருக்கும். வருஷத்தைத் தூக்கி நிறுத்துவது கல்யாணப் பெண் அலங்காரம். ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை. குறுவைக்காரனுக்கு ஆனி ஆடி எப்படியோ, அப்படித்தான் அவர்களுக்குச் சித்திரையும் வைகாசியும். விதைக்கிற மாதத்தில் பூட்டு விழுந்தது.

மூடியது தவறு என்று நான் சொல்லவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். முகத்துக்கு நேரே முகம் வைத்துச் செய்கிற வேலை அது. அப்போது மூடாமல் இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கும் ஆபத்து, வருகிறவர்களுக்கும் ஆபத்து. என் கேள்வி வேறு. ஊரின் உடம்பைக் காப்பாற்ற ஒரு கடையை மூடச் சொன்னால், அந்தச் செலவை ஊர் ஏற்க வேண்டுமா, கடைக்காரி மட்டும் ஏற்க வேண்டுமா?

அவள் ஏற்ற செலவை நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினாள். வாடகை 6,000. கடனுக்கு மாதத் தவணை 4,300. மின்சாரம் மாதத்துக்கு 1,200 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட வேலை செய்யும் இரண்டு பெண்களுக்குத் தலைக்கு 6,000. மொத்தம் 23,500. இரண்டு மாதத்துக்கு 47,000 ரூபாய். வரவு சைபர். கடையில் ஒரு விளக்குக்கூட எரியாத காலத்துக்கும் மின்கட்டணம் உண்டு. ரீடிங் எடுக்க ஆள் வர முடியாததால், முந்தைய முறை கட்டிய தொகையையே கட்டச் சொன்னார்கள். பிறகு சரிக்கட்டினார்கள், வாஸ்தவம். ஆனால் கையில் காசு இல்லாத மாதத்தில்தான் கட்டச் சொன்னார்கள்.

உதவி வரவில்லையா? வந்தது. அரிசி கார்டுக்கு 1,000 ரூபாய். நல வாரியத்தில் பதிவு செய்திருந்தவர்களுக்கு இரண்டு தடவை ஆயிரம் ஆயிரம். அவள் எந்த வாரியத்திலும் பதிவு செய்திருக்கவில்லை. இப்படி ஒன்று இருப்பதாக அவளிடம் யாரும் சொன்னதில்லை. 34 வருடம் அரசாங்கத்தில் குப்பை கொட்டிய நானே, என் முன்கடையில் இருப்பவளிடம் சொன்னதில்லை. ரிசர்வ் வங்கி மார்ச் 27 அன்று தவணைகளை மூன்று மாதம் தள்ளிவைத்தது, பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டியது. அவள் அதைத் தள்ளுபடி என்று நினைத்துக்கொண்டாள். தள்ளுபடி வேறு, தள்ளிவைப்பு வேறு. வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. ஏற்கெனவே வங்கியில் தொழில் கடன் வைத்திருந்தவர்களுக்கு, பாக்கியில் 20 சதவீதம் வரை அரசு உத்தரவாதத்தோடு கூடுதல் கடன் என்று மே மாதத்தில் ஒரு பெரிய திட்டம் வந்தது. மூன்று லட்சம் கோடி என்றார்கள். சின்னக் கடனுக்கு அதில் 20 சதவீதம் என்றால் என்ன வரும்? ஒரு மாதச் செலவைக்கூட மூடாது.

நம் பக்கத்துக்காரர்களுக்குக் கடைமடை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மேட்டூரில் திறந்துவிட்டாகிவிட்டது என்று ரேடியோவில் சொல்வார்கள். பேப்பரில் மலர் தூவும் படம் வரும். கடைசி வாய்க்காலில் மண் வெடித்துக் கிடக்கும். நிவாரணமும் அப்படித்தான் வந்தது.

இதற்கு நடுவில் மே 7 அன்று மதுக்கடைகளைத் திறந்தார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. அரசு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தடை வாங்கி, 16ஆம் தேதி மறுபடியும் திறந்தது. ஒரு கடையைத் திறப்பதற்காக டெல்லிவரை போகிற சுறுசுறுப்பு அரசாங்கத்துக்கு உண்டு என்று அன்று தெரிந்துகொண்டோம். அந்தச் சுறுசுறுப்பு சீப்பும் கத்தரிக்கோலும் வைத்துப் பிழைக்கிறவர்கள் பக்கம் திரும்பவில்லை. "அவசியம்" எது, "அலங்காரம்" எது என்று பட்டியல் போட்டவர்கள் எதை எந்த வரிசையில் திறந்தார்கள் என்பதை நான் மறக்கப்போவதில்லை.

அரசாங்கத்தைத் திட்டுவது சுலபம். இனி என் கதை.

2020 ஏப்ரல் 5 காலையில் அவள் வாசலில் நின்றாள். வாயில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, கையில் 6,000 ரூபாய். "வாடகை ஐயா" என்றாள். வாங்கினேன். ரசீது எழுதிக் கொடுத்தேன். உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்: "மூடின கடைக்கு வாடகை வாங்குனீங்களா? உங்களுக்குப் பென்ஷன் வந்துருச்சில்ல?"

"அக்ரிமெண்ட்டுன்னு ஒண்ணு இருக்கு" என்றேன். அன்று மத்தியானம் சாதம் வந்தது, ரசம் வந்தது, பேச்சு வரவில்லை.

மே மாதம் அவள் வந்து, "அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க ஐயா" என்றாள். பெரிய மனது பண்ணி ஒத்துக்கொண்டேன். அட்வான்ஸ் அவள் பணம். அவள் பணத்தை அவளிடமிருந்தே எடுத்துக்கொண்டு, உபகாரம் செய்ததாக நினைத்துக்கொண்டேன். ஜூன் மாதம் கடை திறந்தபின் பேச்சுவாக்கில் தெரிந்தது: ஏப்ரல் வாடகைக்காக முதல் நாளே கழுத்துச் சங்கிலியைப் பக்கத்துத் தெரு அடகுக்கடையில் வைத்திருக்கிறாள். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி.

அந்த மாதங்களில் எனக்குப் பென்ஷன் ஒரு நாள்கூடத் தவறவில்லை. அகவிலைப்படியை நிறுத்திவைத்தார்கள் என்று நாமெல்லாம் எவ்வளவு புலம்பினோம்! மூன்று தவணை உயர்வு வரவில்லை, 17 சதவீதத்திலேயே நின்றது. 2021 ஜூலையிலிருந்து 28 ஆக்கிவிட்டார்கள். உயர்வு வரவில்லை என்பது நம் குறை. வரவே இல்லை என்பது அவள் நிலை. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பேசினோம். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜூலை, ஆகஸ்ட் வாடகை வேண்டாம் என்று சொல்லிக் கணக்கை நேர் செய்தேன். சங்கிலிக்குக் கட்டிய வட்டியை நான் கொடுக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

"சட்டப்படி வாடகை உண்டு சார்" என்று சொந்தக் கட்டடம் வைத்திருக்கும் நண்பர்கள் சொல்வார்கள். உண்டு. டெல்லி கான் மார்க்கெட்டில் ஒரு கடைக்காரர் இதே கேள்வியோடு போனபோது, ஊரடங்கைக் காட்டி வாடகையை நிறுத்த முடியாது என்று அந்த ஊர் உயர் நீதிமன்றம் 2020 மே மாதம் சொல்லிவிட்டது. கட்டுவதற்கு அவகாசம் மட்டும் தரலாம் என்றது. நான் பள்ளியில் கேட்ட "ஃபோர்ஸ் மஜோர்" என்ற பிரெஞ்சுச் சொல்லை, மனிதன் கையை மீறிய சம்பவம் என்பதை, திடீரென்று எல்லோரும் பேசினார்கள். அந்தச் சொல்லைப் பெற்ற பிரான்ஸ் தேசத்திலேயே அது வாடகைக்காரர்களைக் காப்பாற்றவில்லை. மூடியிருந்த காலத்துக்கும் வாடகை கொடுத்தே ஆக வேண்டும் என்று 2022 ஜூன் 30 அன்று அந்நாட்டு மேல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

ஆனால் ஒரு வித்தியாசம். என் ஒன்றுவிட்ட தம்பி மகள் பாரிஸில், நம்மவர்கள் கடை வைத்திருக்கும் லா ஷப்பேல் பக்கம், ஒரு சலூனில் வேலை பார்க்கிறாள். அங்கேயும் மார்ச் நடுவில் மூடி, மே 11 அன்றுதான் திறந்தார்கள். ஆனால் வேலை செய்தவர்களுக்குக் கைக்கு வரும் சம்பளத்தில் சுமார் 84 சதவீதம் வந்துகொண்டிருந்தது. சிறு கடைக்காரர்களுக்கென்று ஒரு நிதி வைத்து, மாதம் 1,500 யூரோ வரை கொடுத்தார்கள். வீட்டுக்காரர் மனம் இரங்கியதால் அங்கே கடைகள் பிழைக்கவில்லை. மூடச் சொன்னவர்கள் பணம் கொடுத்தார்கள், அதனால் பிழைத்தன. அது பணக்கார நாடு, நம்மால் முடியுமா என்று கேட்பீர்கள். 1,500 யூரோ முடியாது. ஆனால் 1,000 ரூபாய்க்கும் அதற்கும் நடுவில் எத்தனையோ படிகள் இருக்கின்றனவே!

சரி, அவள் எப்படித் தாக்குப்பிடித்தாள்? "அவங்கள்லாம் சமாளிச்சுக்குவாங்க" என்று நாம் வாய்கூசாமல் சொல்கிறோமே, அந்தச் சமாளிப்பு என்னவென்று பாருங்கள்.

கையில் ஒன்பது கல்யாணத்துக்கு முன்பணம் இருந்தது, தலைக்கு 2,000. ஒவ்வொரு வீட்டுக்கும் அவளே போன் செய்தாள். "தேதி தள்ளிப்போனா பணம் அப்படியே இருக்கும். வேண்டாம்னா திருப்பித் தர்றேன்." ஆறு வீட்டார் இருக்கட்டும் என்றார்கள். மூன்று பேர் கேட்டார்கள், 6,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தாள். அந்த மூன்றில் இரண்டு வீட்டார் பிறகு அவளிடமே வந்தார்கள். பிரிக்காத க்ரீம், டை டப்பாக்களைத் திருச்சி மொத்தக் கடைக்காரரிடம் பேசித் திருப்பி அனுப்பினாள். அவற்றுக்கும் காலாவதித் தேதி உண்டல்லவா? வேலை செய்த பெண்களுக்கு முதல் மாதம் பாதிச் சம்பளம், இரண்டாம் மாதம் அரிசி, பருப்பு, எண்ணெய். வீட்டுத் தையல் மிஷினில் துணி முகக்கவசம் தைத்தாள். ரவிக்கைக்கு ஆரி வேலை செய்தாள். மருதாணி கோன் சுற்றி விற்றாள். மூன்றும் சேர்ந்து மின்கட்டணத்துக்கும் வீட்டுச் செலவுக்கும் ஆயிற்று.

ஒன்றை மட்டும் செய்யவில்லை. ஊரடங்கில் வீடு தேடிப் போய்ச் செய்யவில்லை. கூப்பிடாமல் இல்லை. "பின்வாசல் வழியா வாம்மா, யாருக்கும் தெரியாது" என்று பெரிய பெரிய வீடுகளிலிருந்து போன் வந்தது. அலங்காரம் அவசியமில்லை என்று இன்று எனக்குப் பாடம் எடுத்த நண்பர் வீட்டிலிருந்தும் வந்தது. அவர் மகளுக்கு ஐப்ரோ. நண்பருக்கு இது தெரியாது. இப்போது தெரிந்துகொள்ளட்டும்.

அவசியம் பற்றி இன்னொன்று. என் மனைவிக்குச் சர்க்கரை. குனிந்து கால் நகம் வெட்ட முடியாது, எனக்கும் கண் போதாது. மாதம் ஒரு முறை அந்தப் பெண்தான் வெந்நீரில் காலை ஊறவைத்து, புண் படாமல் வெட்டிவிடுவாள். எங்கள் தெருவில் இப்படி ஏழெட்டுக் கிழவிகள் உண்டு. அந்த இரண்டு மாதத்தில் எங்கள் வீட்டில் நகம் சதைக்குள் வளர்ந்து நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். சர்க்கரைக்காரர்களுக்குக் கால் நகம் அலங்காரமா?

2021இல் மறுபடியும் வந்தது. ஏப்ரல் 26 முதல் மாநகராட்சி, நகராட்சிகளில் சலூனும் அழகு நிலையமும் கூடாது. மே 6 முதல் எங்குமே கூடாது. ஜூன் 14 அன்று 27 மாவட்டங்களில் திறக்க விட்டார்கள். தொற்று குறையாத 11 மாவட்டங்களுக்கு இல்லை. அந்தப் பதினொன்றில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நான்கும் உண்டு. டெல்டா மொத்தமும் மறுபடி கடைமடை. எல்லா மாவட்டத்துக்கும் ஒரே விதி என்று ஆனது ஜூலை 5 அன்றுதான். இந்த முறை அரிசி கார்டுக்கு இரண்டு தவணையாக 4,000 வந்தது, அதை மறுக்கவில்லை. கூட்டுறவு வங்கியில் வைத்த ஐந்து பவுன் வரையிலான நகைக் கடனையும் அந்த ஆண்டு தள்ளுபடி செய்தார்கள். ஆனால் அவள் சங்கிலி இருந்தது தனியார் அடகுக்கடையில்! அதற்கு ஏது தள்ளுபடி? மூடியிருந்த நாட்களுக்கு நான் வாடகை வாங்கவில்லை. அவள் கடை இன்றும் நிற்கிறது. அதே சாலையில் இருந்த வேறு இரண்டு பார்லர்களின் போர்டு இறங்கிவிட்டது. அந்தக் கட்டடக்காரர்கள் வாடகையை விடவில்லை. பிறகு பல மாதம் "டு லெட்" அட்டைதான் தொங்கியது. லாபம் யாருக்கு?

மேட்டூர் அணைக்கு ஜூன் 12 திறக்கும் நாள், ஜனவரி 28 மூடும் நாள் என்று வழக்கத்தில் ஒரு கணக்கு உண்டு. தண்ணீர் இல்லாத வருஷம் அது பொய்த்துப்போகும். ஆனாலும் கணக்கு என்று ஒன்று இருப்பதால்தான் விவசாயி எந்த நெல்லை எப்போது விடுவது என்று தீர்மானிக்கிறான். தண்ணீர் குறைந்தால் முறை வைத்து விடுவோம்: உனக்கு இத்தனை நாள், எனக்கு இத்தனை நாள். நஷ்டத்தை ஒருவன் வயலில் மட்டும் இறக்குவதில்லை. நெல்லுக்குத் தெரிந்த இந்த நியாயம் கடைக்கு ஏன் தெரியவில்லை?

ஆகவே நான் கேட்பது மூன்று.

மூடச் சொல்கிறவர்கள், அது நோய்க்காகவோ பள்ளத்துக்காகவோ, எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்று எழுத்தில் சொல்ல வேண்டும். நீட்டிக்க வேண்டுமானால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். முன்பணம் வாங்கித் தொழில் செய்கிறவர்களுக்குத் தேதிதான் உயிர்.

மாதக்கணக்கில் மூடச் சொன்னால், வாடகையிலும் மின்சாரத்திலும் ஒரு பங்கையாவது அரசு ஏற்க வேண்டும். அரிசி கார்டுக்குக் கொடுப்பது வீட்டுக்கான உதவி. கடைக்கு உதவி வேறு.

மூன்றாவது நமக்கு, கட்டடம் வைத்திருப்பவர்களுக்கு. வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: "அரசு அல்லது உள்ளாட்சி உத்தரவாலோ பணியாலோ கடை திறக்க முடியாத நாட்களுக்குப் பாதி வாடகை." எங்கள் ஒப்பந்தத்தில் 2022 முதல் இது இருக்கிறது. என் பென்ஷனுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

கடை நடத்தும் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. உத்யம் பதிவுக்குக் காசு கிடையாது, ஆதார் எண்ணோடு பான் எண்ணும் வேண்டும். நல வாரியத்தில் விசாரித்து நீங்களும், கூட வேலை செய்கிறவர்களும் சேர முடியுமானால் சேருங்கள். நகையை வைத்தே ஆக வேண்டுமானால் வங்கியில் வையுங்கள். வைகாசிக் கல்யாணப் பணத்தில் மூன்று மாத வாடகையைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டுத்தான் புது நாற்காலி வாங்க வேண்டும். இதெல்லாம் அவள் எனக்குச் சொன்னவை. நான் அவளுக்குச் சொன்னவை அல்ல.

பள்ளம் இன்னும் மூடவில்லை. நேற்று அவளைக் கூப்பிட்டு, இந்த மாதம் பாதிதான் என்றேன். "தெரியும் ஐயா, எழுதியிருக்கோமில்ல" என்றாள். நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? போகும்போது பலகை மேல் நடந்து வந்து, மனைவியின் காலைப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமை சாயந்திரம் வர்றேம்மா, வெந்நீர் வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.